கிண்ணத்தைக் காயவிடுங்கள்

கோடையில் மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பெருகிவருவது கால்நடை மருத்துவராகிய எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அதே மாதங்களில்தான், இறகுகளைச் சிலிர்த்தபடி, கையில் எடுத்தாலும் பறக்க முயலாத புறாக்களை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அலகைத் திறந்தால் தொண்டையில் மஞ்சள் நிறக் கட்டியும் கடும் துர்நாற்றமும் இருக்கும். விழுங்க முடியாத நனைந்த நொய் அலகோரத்தில் ஒட்டியிருக்கும். பட்டினியால் மார்பெலும்பு கத்திமுனைபோல் விரலில் தட்டுப்படும்.

புறா வளர்ப்போர் இதைக் கேன்கர் என்பார்கள். டிரைக்கோமோனாஸ் கல்லினே என்னும் ஒருசெல் உயிரி இதற்குக் காரணம். நோயுற்ற பறவையின் எச்சிலோடு அது தண்ணீரிலும் தீனியிலும் கலக்கிறது. அலகை நீரில் அமிழ்த்தியபடியே உறிஞ்சிக் குடிப்பது புறாக்களின் இயல்பு என்பதால், பலவும் கூடிக் குடிக்கும் ஒரே கிண்ணம் நோயை எளிதாகக் கைமாற்றிவிடுகிறது. புறாவைத் தின்னும் வல்லூறுக்கும் இந்நோய் வரும். 2005இல் பிரிட்டனின் கிரீன்ஃபின்ச் குருவிகளிடையே இது பரவியபோது, 43 லட்சமாக இருந்த அவற்றின் எண்ணிக்கை 2009க்குள் ஏறத்தாழ 28 லட்சமாகச் சரிந்தது.

ஆனால் இந்தக் கிருமி ஈரமின்றி நெடுநேரம் பிழைக்காது. நோயுற்ற புள்ளிப்புறாவைக் கொண்டுவந்த ஓர் அம்மாவிடம் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டேன். "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், சார்" என்றார். அவர் ஊற்றியது உண்மைதான். ஆனால் பழைய நீரைக் கொட்டவில்லை, அடியில் பாசி வழுக்கியது. தேவை இரண்டு கிண்ணங்கள்: ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது, தேய்த்துக் கழுவிய மற்றொன்று வெயிலில் முழுதும் காய வேண்டும். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்குமாதலால் அதற்கு ஒரு பகல் முழுவதும் வெயில் தேவை. வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்து, மணம் போகும்வரை அலசிக் காயவையுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். எச்சத்தில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

தீனியை மாலைக்குள் தீரும் அளவே வையுங்கள். மிஞ்சியதைக் கூட்டி அகற்றுங்கள். சோர்ந்த பறவை ஒன்றைக் கண்டாலும், தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரமாவது நிறுத்துங்கள். கோடையில் இதைச் செய்ய மனம் வராது என்பதை அறிவேன். ஆயினும் கூட்டம் கலைந்து வேறிடம் தேடிச் செல்வதே மற்றப் பறவைகளுக்குப் பாதுகாப்பு. காகங்கள் கூட்டமாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.