ஓரிகன் கப்பலின் 66 நாட்களும் பனாமாவின் நீர்ப்படிகளும்

1898 மார்ச் 19 அன்று, ஸ்பெயினுடன் போர் மூளும் நிலையில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஓரிகன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் புளோரிடாக் கரையை அடைய 66 நாட்கள் ஆயின. அந்தப் போரின் முடிவில் பிலிப்பைன்ஸ், குவாம், புவேர்ட்டோ ரிக்கோ ஆகியவை அமெரிக்காவின் கைக்கு வந்தன. இரு பெருங்கடல்களிலும் உடைமைகள் கொண்ட நாட்டுக்கு, கடற்படையை விரைவாக இடம் மாற்ற ஒரு குறுக்குவழி தேவைப்பட்டது. 1903இல், அப்போது பனாமாவை ஆண்ட கொலம்பியா, அங்கே கால்வாய் வெட்டுவதற்கான ஒப்பந்தத்தை மறுத்ததும், அமெரிக்கப் போர்க்கப்பல்களின் துணையோடு பனாமா தனிநாடானது. கால்வாய்க்கான நிலப்பகுதி சில நாட்களிலேயே அமெரிக்காவுக்குக் கிடைத்தது. இதைப் பலவந்தம் என்றே சொல்ல வேண்டும்.

முன்பு பிரெஞ்சுக்காரர்கள் கடல்மட்டத்திலேயே வெட்ட முயன்று, மலையாலும் சாக்ரெஸ் ஆற்றின் வெள்ளத்தாலும் கொசு பரப்பிய காய்ச்சல்களாலும் தோற்றிருந்தனர். அமெரிக்கர்கள் அதே ஆற்றைக் காதூன் என்ற இடத்தில் அணைகட்டித் தடுத்து, கடலைவிடச் சுமார் 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்கினர். கப்பல் படிப்படியாக அந்த ஏரிக்கு ஏறி, நீந்திக் கடந்து, மறுபுறம் இறங்குகிறது.

அவர்கள் கட்டிய ஒவ்வொரு படியும் 305 மீட்டர் நீளமும் 33.5 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்பட்டு, சுவருக்குள் ஓடும், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய பெருங்குழாய்களின் வால்வுகள் திறக்கப்படுகின்றன. மேலிருந்து வரும் நீர் தொட்டியின் தரையெங்கும் பரவியுள்ள துளைகள் வழியே மேலெழுவதால், கப்பல் அதிகம் ஆடாமல், சில நிமிடங்களில் சுமார் 9 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. நீரை ஏற்ற ஒரு பம்பு கூட இல்லை. புவியீர்ப்பே எல்லாவற்றையும் செய்கிறது. இரட்டைக் கதவுகள் உயர்ந்த நீரை நோக்கிக் கூராகச் சேர்வதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கி மூடுகிறது. ஒரு கப்பல் கடக்கையில் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அதை மழைதான் ஈடுசெய்கிறது.

அமெரிக்கர் காலத்து வேலையில் மட்டும் சுமார் 5,600 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். கால்வாயைப் பற்றிய எந்த விளக்கமும் அவர்களை விட்டுவிட்டால் முழுமையாகாது.

1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. திட்டமிடும்போது தொட்டியின் அகலத்தைக் கூட்டச் சொன்னது கடற்படை. பிறகு அந்த அகலமே கடற்படையைக் கட்டுப்படுத்தியது. இரண்டாம் உலகப்போர்க் கால அயோவா வகைப் போர்க்கப்பல்கள் தொட்டிக்குள் நுழைந்தபோது, இருபுறமும் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் இருந்தது.