மே கடைசி வாரமும் அறுபதாவது வயதும்

ராமேசுவரம் தீவில் தொடங்கி வடக்கே தொண்டி வரைக்கும், தெற்கே ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் கடலோர ஊர்களில் நிதிக் கல்வி முகாம் நடத்துவது என் வங்கி வேலையின் ஒரு பகுதி. எந்த ஊராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மே மாதம் கடைசி வாரத்தில் உங்கள் கணக்கில் 456 ரூபாய் இருக்குமா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்‌ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை தலா 2 லட்சம். இரண்டுக்கும் ஆண்டு என்பது ஜூன் 1 முதல் மே 31 வரை. புதுப்பிக்கும் பணத்தை மே மாதக் கடைசியில் வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். உள்நாட்டு ஊர்களில் இதில் பெரிய சிக்கல் இல்லை. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மே முடியும்போது வீட்டில் ஒன்றரை மாதமாக வருமானம் இருக்காது. கணக்கைத் துடைத்து எடுத்திருப்பார்கள். பணம் இல்லாததால் காப்பீடு புதுப்பிக்கப்படாமல் போகும். செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வரும், அதை யாரும் படிப்பதில்லை. ஜூன் நடுவில் படகு மறுபடி கடலுக்குப் போகிறது. கரையில் சும்மா இருந்த நாட்களில் இருந்த காப்பீடு, கடலுக்குப் போகும் நாளில் இல்லை.

மீனவர்களுக்கென்று அரசே பிரீமியம் கட்டும் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது. ஆனால் அது விபத்துக்கு மட்டும்தான். வீட்டில் படுத்த இடத்தில் மாரடைப்பு வந்து போனவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. அதற்குத்தான் அந்த 436 ரூபாய்.

படித்தவர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு: "இவர்களுக்கு நாளையைப் பற்றிய யோசனையே இல்லை." இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வாடைக் காற்று எப்போது எழும், கச்சான் எப்போது ஓயும், எந்த மாதத்தில் எந்தப் பார் (கடலடிப் பாறை) பக்கம் எந்த மீன் வரும் என்று ஆண்டு முழுவதையும் மனதில் வைத்து வலையைத் தயார் செய்பவர்களுக்கு யோசனை இல்லை என்று எப்படிச் சொல்வது? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே பணம் நாள் கணக்கில் வருகிறது, கடனும் நாள் கணக்கில் கேட்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்காக உருவான சேமிப்புத் திட்டங்கள் இந்தத் தாளத்துக்குப் பொருந்துவதில்லை. பொருத்திக்கொடுப்பது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு. அதை நாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்பதுதான் என் எண்ணம்.

முதலில் கடனைப் பார்ப்போம். இங்கே மிகப் பெரிய கடன் வங்கியிலும் இல்லை, வட்டிக்கடையிலும் இல்லை. வியாபாரி கொடுக்கும் முன்பணம்தான் அது. அதற்கு வட்டி கிடையாது. பிடிக்கும் மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: முன்பணம் 1 லட்சம். ஒரு நடைக்கு 6,000 ரூபாய் மீன், மாதம் 12 நடை, ஆக 72,000 ரூபாய். வெளி ஏலத்தில் கிடைப்பதைவிட நூற்றுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மாதம் 7,200 போகிறது. பத்து மாதத்தில் 72,000. அந்த 1 லட்சம் மட்டும் அப்படியே பாக்கி நிற்கிறது. முகாமில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு பெண்கள்தான் முதலில் பேசுவார்கள்.

வியாபாரியைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. நள்ளிரவில் பிரசவ வலி என்றால் பணம் கொடுப்பவர் அவர்தான். வங்கி பத்து மணிக்குத் திறக்கும். அவசரத்துக்குக் கையில் ஒரு தொகை இல்லாதவரை அவர் வாசலுக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்தத் தொகை இல்லாதவரிடம் முப்பது வருடத் திட்டம் பேசுவது வீண்.

தண்டல் கடனையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 10,000 கடனுக்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்குப் பத்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், நூறு நாளும் சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் 4,500தான். 4,500க்கு நூறு நாளில் 1,000 வட்டி. ஆண்டுக் கணக்கில் சுமார் 80 சதவீதம்.

இதற்கு மாற்று ஒன்று உண்டு. விவசாயிகளுக்கு இருந்த கிசான் கடன் அட்டையை 2018-19இல் மீனவர்களுக்கும் விரித்தார்கள். 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. டீசல், ஐஸ், வலை போன்ற தொழில் செலவுக்கு மட்டும்தான் அது. கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு அடுத்த வருடம் தவிப்பவர்களையும் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

சரி, அந்த அவசரத் தொகை எங்கிருந்து வரும்? ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. தடைக்காலம் போக மீதி 43 வாரம். புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காத நாள், வேலைநிறுத்தம் எல்லாம் கழித்து நூறு நாள் என்று வைப்போம். பங்குப் பணம் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குப் போகும் முன் 150 ரூபாய் தனியாகப் போனால் ஆண்டுக்கு 15,000. அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000. சேமிப்புடன் கூடிய நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 போட்டால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 போட்டு 4,500 ஆக்கிக் கொடுக்கின்றன. ஒரே வருடத்தில் பணம் இப்படி மூன்று மடங்கு ஆகும் வேறு திட்டம் எனக்குத் தெரியாது. எல்லாம் சேர்த்தாலும் 61 நாள் குடும்பம் நடத்தப் போதாது, எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மிக மோசமான வட்டிக்குக் கை நீட்டாமல் இருக்க அது உதவும்.

அந்த 150 ரூபாயை யார் எடுத்து வைப்பது? மகளிர் குழுவில் இருக்கும் வீடுகளில் இது நடக்கிறது. "மீதி இருந்தால் போடுவோம்" என்ற வீடுகளில் நடப்பதில்லை. மீன் நன்றாகப்பட்ட நாளில் எடுத்த முடிவுதான் மீன் படாத நாளில் உதவும்.

அடுத்தது முதுமை. பாம்பன் பக்கம் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "காலையில போற ஆளு சாயங்காலம் திரும்பி வருவானான்னு தெரியாத தொழில் மேடம் இது. நீங்க அறுபது வயசப் பேசுறீங்க." அவர் சொன்னதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய அப்பா அறுபதைத் தாண்டி உயிரோடு இருக்கிறார். வலை இழுக்கத் தோள் வராமல், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக் கிடைக்கும் கூலியில் வாழ்கிறார். திரும்பி வராமல் போனால் என்ன செய்வது என்பதற்குக் காப்பீடு. திரும்பி வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஓய்வூதியம். இரண்டும் வேண்டும்.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 கட்டினால் போதும். 30 வயதில் சேர்ந்தால் 577. 40 வயதில் 1,454. மொத்தமாகப் பார்த்தால் முதலாமவர் 42 ஆண்டில் கட்டுவது 1,05,840 ரூபாய், கடைசியானவர் 20 ஆண்டில் கட்டுவது 3,48,960. கிடைப்பது இருவருக்கும் ஒன்றே. சந்தாதாரர் இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ அதே ஓய்வூதியம் தொடரும். தவணையை அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும்படியும் வைத்துக்கொள்ளலாம். தடைக்காலத்தில் வராத மாதங்களாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இன்று 18 வயதுப் பையனுக்கு 42 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 5,000த்தின் மதிப்பு இன்றைய 5,000 போல இருக்காது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது, ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் கதை வேறு. அங்கே வளைகுடாப் பணம். இருபது வருடம் வெயிலில் உழைத்துவிட்டு வருகிறவருக்கு ஊரில் பெரிய வீடு இருக்கிறது, மாத வருமானம் இல்லை. மார்க்க நெறியால் வட்டி வேண்டாம் என்பவர்கள் வாடகை வரும் சிறு கடை, நிலம், தங்கம் என்று பிரித்து வைக்கலாம். எப்படியானாலும் வீட்டின் மேல்மாடிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கையாவது வருமானம் தரும் ஒன்றில் போடுங்கள் என்பதே நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது.

படிப்பைப் பற்றி. பத்தாவது முடித்த பையன் படகில் ஏறினால் அன்றைக்கே ஒரு பங்கு வீட்டுக்கு வருகிறது. படித்தால் ஆறேழு வருடத்துக்கு ஒன்றும் வராது. இந்த இடைவெளிதான் பல பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கேட்க வேண்டாம். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டத்தில் மாதம் 500 போடுங்கள். 15 ஆண்டில் நீங்கள் போடுவது 90,000. இப்போதைய 8.2 சதவீத வட்டி அப்படியே நீடித்தால் 21ஆவது ஆண்டில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் வரும். 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.

உடம்பைப் பற்றி நான் பேசக் கூடாது, அது மருத்துவர்களின் வேலை. ஆனால் படகை விற்ற குடும்பங்களைக் கேட்டால், காரணம் பக்கவாதம் அல்லது கிட்னி என்று அடிக்கடி காதில் விழுகிறது. இரத்த அழுத்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை நிறுத்தாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடலைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமை ஆகாது. இங்கே எல்லாருடைய வைப்பு நிதியும் அந்தக் கடல்தான். வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், முதலைத் தொட்டால் அடுத்த வருட வட்டி குறையும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இன்று நீருக்கு அடியில் இருக்கிறது. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்துக்கொண்டே இருந்ததன் விளைவு அது. ஒரு தலைமுறைக்குக் கூலி கிடைத்தது. தீவு போனது, அதைச் சுற்றி மீன் குஞ்சு பொரித்த இடமும் போனது.

முதலைத் தொடாமல் வாழ்வதற்கும் இதே கடலில் ஆட்கள் இருக்கிறார்கள். பாம்பனுக்கு அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்கள், மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, உலோகக் கருவியால் பாறையைச் சுரண்டாமல் கையால் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். நாள் வருமானத்தில் வாழும் பெண்கள், வருமானம் வரும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. நீண்ட காலத்தை யோசிக்க முதலில் வசதி வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். அவர்கள் தனித்தனியாக முடிவு எடுக்கவில்லை, சேர்ந்து எடுத்தார்கள். ஒரே ஒருத்தி நிறுத்தினால் அவளுக்குத்தான் நட்டம். மீன் குஞ்சையும் வாரிவிடும் சின்னக் கண் வலை விஷயத்திலும் அப்படித்தான். ஊர் கூடி முடிவெடுத்தால் நிற்கும்.

கடைசியாக ஒரு வேலை, செலவே இல்லாதது. இங்கே பல வீடுகளில் வங்கிக் கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. கடலில் ஒருவர் காணாமல் போனால், இறந்துவிட்டார் என்று சட்டம் கருதப் பொதுவாக 7 ஆண்டு ஆகும். அதுவரை அவர் பணத்தை மனைவி எடுக்க முடியாமல் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற வகையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் இந்த நிலை வராது. இருவரின் ஆதார், ஆளுக்கு இரண்டு போட்டோ, பாஸ்புக். இருவரும் சேர்ந்து வர வேண்டும், அதனால் கடலுக்குப் போகாத ஒரு நாளில் வாருங்கள். வரும்போது காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் யாரை நாமினியாக, அதாவது பணத்தைப் பெறுபவராக, குறித்திருக்கிறீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.