சக்கரத்தின் உட்புறத்தையும் படமெடுங்கள்

ஒருவர் தன் காரிலிருந்து கழற்றி விற்ற அந்த அலாய் சக்கரங்களைப் பழையவை என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு பளபளப்பு. ஆனால் ஒன்றில் மட்டும் மூன்று நாளுக்கொருமுறை காற்று இறங்கியது. டயரைக் கழற்றி உட்புற விளிம்பைச் சுரண்டிப் பார்த்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். விற்றவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தன் காருக்குப் பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு, பழையதற்குப் பெயிண்ட் அடித்து, முகப்பை மட்டும் படமெடுத்து விற்றிருக்கிறார். விரிசல் இருந்ததே அவருக்குத் தெரியாது.

காரின் திறனைக் கூட்டப் புதிய பாகம் மாட்டுகிறவர்கள், கழற்றியதை விற்றுச் செலவில் கொஞ்சம் மீட்க நினைப்பது நியாயம்தான். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதுவதைத்தான் நான் வெறுக்கிறேன். எதை அளந்து சொன்னீர்கள்?

பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். 22 மி.மீ. என்று பொறித்த டிஸ்க் 22.3-க்குத் தேய்ந்திருந்தால் மிச்சம் 0.3 மட்டுமே, அது பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். டயர் என்றால் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு எண்ணைப் படமெடுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவில்தான் குழப்பம் அதிகம். தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடும். பல டர்போக்களில் பேரிங் எண்ணெய்ப் படலத்தில் மிதப்பதால் அது இயல்பு. அதைக் கண்டு மிரண்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. முன்னும் பின்னுமாக ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ, பழுது என்று சொல்லியே விற்க வேண்டும்.

விபத்தில் இழுபட்ட சீட் பெல்ட்டும், கழற்றிய காற்றுப்பையும் விற்பனைக்கு உரியவை அல்ல. இதில் பேரமே கிடையாது. ஒருமுறை இறுக்கியதும் நீளும்படி செய்த, மறுபடி மாட்டக் கூடாத போல்ட்டுகளைச் சிலர் அன்பளிப்பாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். வாங்குபவர் அவற்றையே மாட்டிவிடுவார். புதிதாக வாங்கச் சொல்லிவிடுங்கள்.

காருடன் வந்த அசல் பாகங்களை, கார் உங்களிடம் இருக்கும்வரை பரணில் போட்டு வையுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அசல் புகைபோக்கியை விற்ற சில மாதங்களில் காரையே விற்க வேண்டி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அசலைத்தான் கேட்டார்கள். தன்னிடம் வாங்கியவரிடமே அதைத் திரும்பக் கேட்டுப் போனார். அவர் இரட்டிப்பு விலை சொன்னார்.