லைடார் வண்டி தரும் வண்ணப்படத்தை எப்படிப் படிப்பது?

காற்றுத்தர நிலையத்துக் கருவி, தன் உறிஞ்சுகுழாய் இருக்கும் உயரத்துக் காற்றை மட்டுமே அளக்கிறது. இரவில் 500 மீட்டர் உயரத்தில் வேறெங்கிருந்தோ ஒரு புகைப்பட்டை வந்து நின்றாலும் அதற்குத் தெரியாது. காலையில் வெயில் ஏறிக் காற்று மேலும் கீழும் புரளும்போதுதான் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்) அளவு திடீரென எகிறும். பழி உள்ளூர் வாகனங்கள்மேல் விழும். அந்தப் பட்டையை முன்கூட்டியே காட்டுவதற்காகத்தான், லேசர் ஒளியால் காற்றிலுள்ள துகள்களைத் தொலைவிலிருந்தே அறியும் லைடார் கருவியை வண்டியில் ஏற்றுகிறார்கள்.

கருவி வானை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. பெரும்பாலும் 532 நானோமீட்டர் பச்சை ஒளி, அல்லது 355 நானோமீட்டர் புறஊதா. துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தொலைநோக்கி வாங்கிக்கொள்ளும். ஒரு மைக்ரோவினாடி தாமதம் என்றால் துகள் 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். பகல் வெளிச்சத்தின் பின்னணியைக் கழித்து, தொலைவின் இருமடியால் பெருக்கினால் எந்த உயரத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று நிறங்களால் காட்டும் வண்ணப்படம் கிடைக்கும்.

இதுவரை அளந்தது ஒளியை மட்டும்தான். அதை மைக்ரோகிராமாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. இதற்கான கணக்கு முறைகளான கிளெட், ஃபெர்னால்ட் எதைக் கையாண்டாலும், ஒளித்தேய்வுக்கும் (வழியில் ஒளி குறையும் அளவு) பின்சிதறலுக்கும் (கருவியை நோக்கித் திரும்பும் அளவு) உள்ள விகிதத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். கடலுப்புத் துகளுக்கு அது 20 முதல் 30 வரை. நகரப் புகைக்கு 50 முதல் 70 வரை. பிறகு ஒரு கிராம் நுண்துகள் சுமார் 4 சதுர மீட்டர் அளவுக்கு ஒளியை மறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 0.2 என்ற ஒளித்தேய்வு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆகும்.

ஆனால் அந்த 4 உலர்ந்த துகளுக்குரியது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, அதே எடைக்குப் பலமடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஈரப்பதத் திருத்தம் செய்யாத விடியற்காலைப் படத்தை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன். ஒளியலை அதிரும் திசையையும் அளக்கும் முனைவாக்கத் தடம் உள்ள கருவி என்றால் மண்தூசியையும் பிரித்துவிடலாம்: கோணல்மாணலான தூசிக்கு முனைவுக் குலைவு (திரும்பும் ஒளியில் அந்தத் திசை மாறும் அளவு) 0.3 வரை போகும், புகைக்குப் பொதுவாக 0.1க்குக் கீழ்தான்.

முதல் ஒன்றிரண்டு நூறு மீட்டர் இன்னொரு தொல்லை. லேசர் கற்றையும் தொலைநோக்கியின் பார்வையும் அங்கே முழுதாகப் பொருந்தியிருக்காது. நாம் மூச்சுவிடும் அடுக்கும் அதுவேதான்! அதனால் அதே வண்டியில் ஒரு பிஎம் 2.5 உணரி கட்டாயம் வேண்டும். அதன் உறிஞ்சுகுழாய் கூரையின் முன்பக்கம், சொந்தப் புகைபோக்கிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஓட்டத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடச் சராசரி எடுத்தால் சுமார் 670 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். மேம்பாலம், மரக்கிளை, மின்கம்பி குறுக்கிட்ட பதிவுகளை ஜிபிஎஸ் தடத்தோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும். கூரைக் கண்ணாடியில் படியும் தூசியும் பனியும் சமிக்ஞையை மெல்ல மெல்லக் குறைக்கும். அது காற்று சுத்தமாகிவருவதுபோலவே தெரியும். குண்டுகுழிச் சாலையின் அதிர்வு ஒளியச்சை நகர்த்தும். தொலைநோக்கியை மூடி எடுக்கும் இருட்டுப் பதிவைப் புறப்படும்போதும் திரும்பியதும் எடுத்து வைப்பது நல்லது.

மாசு எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்றறிய நகரைச் சுற்றும் சாலையில் ஒரு வட்டம் அடிப்பார்கள். அடர்த்தியைக் காற்றின் வேகத்தாலும் குறுக்குப் பரப்பாலும் பெருக்க வேண்டும். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், வினாடிக்கு 5 மீட்டர் காற்று, 10 கிலோமீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் உயரம் என்றால் வினாடிக்கு 3 கிலோ. சாலைக்குச் செங்குத்தான காற்றுக்கூறு மட்டுமே இதில் சேரும். காற்று 45 பாகை சாய்ந்து வந்தால் 3 என்பது 2.1 ஆகிவிடும். தரையில் நட்ட காற்றுமானி 500 மீட்டர் உயரத்துக்குப் பதில் சொல்லாது. காற்றின் வேகத்தை அளக்கும் டாப்ளர் லைடாரோ வானிலை பலூனோ வேண்டும். காற்று வினாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருந்தால் திசையே நிலையாக இருக்காது, உள்ளே வந்ததா வெளியே போனதா என்பதும் ஐயம்தான்.

வட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆனால், காலையில் தொடங்கிய இடமும் முடித்த இடமும் ஒப்பிடத் தக்கவையல்ல. அதற்குள் கலப்பு அடுக்கு (தரையிலிருந்து காற்று புரண்டு கலக்கும் அடுக்கு) பல நூறு மீட்டர் உயர்ந்திருக்கும். அடுக்கு நிலைப்பட்ட பிற்பகலில் ஓட்டலாம், அல்லது இரண்டு வண்டிகளை எதிரெதிர்த் திசையில் அனுப்பலாம்.