ஏற்காட்டு உண்ணிச்செடியும் எண்ணூர்க் காக்கா ஆழியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியெங்கும் உண்ணிச்செடி மஞ்சளும் ரோஸுமாகப் பூத்திருக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது. மாடு அதில் வாய் வைக்காது. பழத்தைத் தின்னும் சின்னான் குருவி விதையை மலை முழுக்கப் போட்டுவிடும். இத்தனைக்கும் மேலே இருக்கிற காப்பியும் வெளியிலிருந்து வந்ததுதான், 1820களில் கலெக்டர் காக்பர்ன் நட்டது. அது தோட்டத்துக்குள் நிற்கிறது, இது வேலியைத் தாண்டிவிட்டது.

எண்ணூர்க் கழிமுகத்தில் இப்போது நடப்பதும் இதுதான், தண்ணீருக்கு அடியில். அங்கே பரவியிருக்கும் ஒருவகைச் சிப்பியை மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். இதற்கும் தென் அமெரிக்கக் கரைதான் சொந்த ஊர். கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

கப்பலில் எப்படி? சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், லோடு இல்லாத வண்டி துள்ளும். கப்பலும் அப்படித்தான். சரக்கை இறக்கியதும் மேலெழும்பி ஆட்டம் காணும். அதனால் அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். பெரிய கப்பல் என்றால் பல்லாயிரம் டன். அடுத்த ஊரில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விடும். இதைப் பேலஸ்ட் தண்ணீர் என்பார்கள். சிப்பி தன் முட்டையைத் தண்ணீரிலேயே விடுகிறது. அதிலிருந்து வரும் இளம் உயிர் மணலில் பாதிகூட இராது. சில வாரம் மிதந்து திரிந்த பிறகுதான் எங்காவது ஒட்டும். அந்தச் சில வாரம் கடல் தாண்டப் போதும்.

வந்து சேர்ந்ததெல்லாம் பிழைப்பதில்லை. காக்கா ஆழிக்கு வாய்த்தது, உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் உடம்பு. கொசஸ்தலை ஆற்றில் மழைவெள்ளம் வந்தால் கழிமுகத்தின் உப்பு சட்டென்று இறங்கும். நம் ஊர்ச் சிப்பிகள் திணறும் நேரத்தில் இது சமாளித்துக்கொள்ளும். அப்புறம் நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் மூடிவிடும். இறால் புதையச் சேறு வேண்டுமே! அங்கே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இன்று கைக்குக் கிடைப்பது ஓட்டின் கூர்விளிம்புதான். மட்டிக்கும் இடமில்லை. தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி என்பதால் நுண்ணுயிர்த் தீனியிலும் பங்குக்கு வந்துவிடுகிறது.

உண்ணிச்செடியை வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். இதுவும் சளைத்ததில்லை, பிய்த்து எடுத்த சிப்பியைத் தண்ணீரிலேயே விட்டால் புதிதாக இழை விட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் செடியே தேவலை. கண்ணுக்காவது தெரிகிறது.

ஆகவே வாசலிலேயே தடுக்கப் பார்க்கிறார்கள். 2004இல் உருவான சர்வதேசப் பேலஸ்ட் தண்ணீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். கரையோர உயிர்கள் ஆழ்கடலில் பிழைப்பது அரிது என்பது கணக்கு. இப்போது வடிகட்டி, புற ஊதாக் கதிரோ குளோரினோ காட்டித்தான் விட வேண்டும். வெளியேறும் ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலுமான உயிருள்ளவை பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். சிப்பிக் குஞ்சு ஏறக்குறைய 100 மைக்ரான், ஆகவே இந்தக் கணக்கில் சிக்கிவிடும். கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற சிப்பியை மட்டும் இந்த ஒப்பந்தம் தொடுவதில்லை.