மூக்கு ஒவ்வாமைக்குப் புரோபயாடிக்: தயவுசெய்து ஸ்ப்ரேயை நிறுத்தாதீர்கள்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கியதும், பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் என்னிடம் தும்மலோடு கூட்டம் கூடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு, புரோபயாடிக் (உடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா) கேப்சூலை மட்டும் விழுங்கி, முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வருபவர்கள் பெருகிவருவதைப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

அண்மையில் முக்கூடல் பக்கமிருந்து வந்த ஒரு சிறுமியின் மூக்கின்மேல், உள்ளங்கையால் ஓயாமல் மேல்நோக்கித் தேய்த்ததால் விழுந்த குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிந்தது. மூக்கின் உட்சதை வெளிறி வீங்கியிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் விசில் சத்தம். "ஸ்டீராய்டு வேண்டாம்னு நிப்பாட்டிட்டோம் சார், அதான் கேப்சூல் குடுக்கோம்லா" என்றார் தாயார். அவர் பீடி சுற்றுவதும் பிள்ளை படுத்துறங்குவதும் ஒரே அறையில் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஸ்டீராய்டு என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்ற இந்த எண்ணத்தை எத்தனை முறைதான் மறுப்பது? புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒரு முறை அழுத்தினால் வெளிவருவது பொதுவாக 50 மைக்ரோகிராம். மாத்திரையாகத் தரும் ஸ்டீராய்டான பிரட்னிசலோனை மில்லிகிராமில் அளக்கிறோம். ஒரு மில்லிகிராமில் 1,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அந்த 50 மைக்ரோகிராமிலும் ரத்தத்தில் கலப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. குழந்தைகளுக்கு நீண்ட நாள் தரும்போது பலன் தரும் மிகக் குறைந்த அளவையே தந்து, உயரத்தையும் அளந்து பார்க்கிறோம். மறுபரிசோதனைக்கு வரச் சொல்வதும் அதற்காகத்தான். இவ்வளவு அஞ்சுபவர்கள், மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மட்டும் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விட்டு, அடைப்பை நிரந்தரமாக்கிக்கொள்ளத் தயங்குவதே இல்லை.

புரோபயாடிக்கை நான் வெறுப்பவன் அல்லன். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைத் தரம் ஓரளவு மேம்படுவதாகச் சொன்னது; ஆனால் ரத்தத்தில் ஐஜிஇ என்ற, ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருளின் அளவு குறையவில்லை. 2017இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 173 பேரிடம் மூன்று குறிப்பிட்ட பாக்டீரியா வகைகளின் கலவையை எட்டு வாரம் சோதித்து, சிறிய முன்னேற்றம் கண்டார்கள். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒரு வகைக்குக் கிடைத்த பலன் இன்னொரு வகைக்குப் பொருந்தாது. ஆகவே வயிற்றுப்போக்குக்குத் தரும் புரோபயாடிக் குப்பி மருந்து தும்மலையும் நிறுத்தும் என்று எதிர்பார்க்க வழியில்லை. சளி பிடிக்கும் என்று தயிரை ஒதுக்கும் அதே வீட்டில், தயிரில் இருக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவைக் கேப்சூலாக விலைகொடுத்து வாங்கும் வேடிக்கையையும் பார்க்கிறேன். (இட்லியும் புரோபயாடிக்தானே என்பவர்களுக்கு: மாவில் இருக்கும் பாக்டீரியா ஆவியில் வெந்ததும் செத்துவிடும்.)

சாப்பிட விரும்பினால் ஸ்ப்ரேயோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கேப்சூலில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா வகைகளை அக்கினி நட்சத்திர வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்திருந்து விழுங்கினால் உயிரற்ற தூளைத்தான் விழுங்குகிறீர்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்க நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஸ்ப்ரேயைத் தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கின் நடுச்சுவரில் படாமல், அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கி அடியுங்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் மூன்றாம் நாளே கைவிடாதீர்கள். பீடித்தூளைப் பிள்ளை உறங்கும் அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். இரவில் இருமலோ இரைப்போ வந்தால் காத்திருக்காமல், சாப்பிடும் எல்லா மருந்துகளின் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.