இஎஸ்ஜி குறியீட்டெண்ணில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாக நேர்மை மூன்றையும் பார்த்துப் பங்குகளைச் சேர்ப்பதுதான் இஎஸ்ஜி முதலீடு. இந்தப் பெயரில் ஒரு ஃபண்ட் வந்தால், அதில் இருப்பதெல்லாம் மாசுபடுத்தாத, நல்ல நிறுவனங்கள் என்று பலர் நம்பிப் பணம் போடுகிறார்கள். மதிப்பெண் உருவாகும் விதம் தெரிந்தால் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

மதிப்பெண்ணுக்கு முக்கியமான மூலப்பொருள் நிறுவனங்களே கொடுக்கும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. தன்னைப் பற்றித் தானே எழுதுவதை அப்படியே நம்ப முடியாதல்லவா? அதனால் 2023 ஜூலையில், அந்த அறிக்கையின் முக்கிய விவரங்களை மட்டும் கொண்ட ‘பிஆர்எஸ்ஆர் கோர்’ வந்தது. கரியமில உமிழ்வு, தண்ணீர், எரிசக்தி, கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு, பெண்களுக்குப் போகும் ஊதியத்தின் பங்கு, சிறு நகரங்களில் தரப்படும் வேலை போன்ற விவரங்கள் இதில் அடக்கம். இவற்றை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். முதல் 150 நிறுவனங்களுக்கு 2023-24இல் தொடங்கிய இந்தக் கட்டாயம் படிப்படியாக மற்றவற்றுக்கும் விரிகிறது.

இதில் ஒரு கணக்கை மட்டும் நின்று பார்க்க வேண்டும். உமிழ்வை மொத்த அளவாகவும், வருவாயோடு ஒப்பிட்ட விகிதமாகவும் காட்டுகிறார்கள். ஓர் ஆலையின் உமிழ்வு 1,000 டன்னிலிருந்து 1,100 டன்னாகக் கூடுகிறது, வருவாயோ 20 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 8 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அறிக்கையில் அது முன்னேற்றமாகத் தெரியும். காற்றில் கலந்தது என்னவோ 100 டன் அதிகம். ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

இந்த விவரங்களோடு பிற தகவல்களையும் சேர்த்து மதிப்பெண் போடுபவை தர மதிப்பீட்டு முகமைகள். இவை செபியிடம் பதிவு பெற வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. சரிபார்த்த விவரங்களை மட்டும் வைத்து ‘கோர்’ மதிப்பெண் ஒன்றையும் தனியே தர வேண்டும். ஆனாலும் முகமைக்கு முகமை மதிப்பெண் மாறும். ஆறு சர்வதேச முகமைகளை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், அவற்றின் மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு (முழுதும் ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54தான். வேறுபாட்டுக்குப் பெரிய காரணம், ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக அளப்பது.

அடுத்தது குறியீட்டெண். தேசியப் பங்குச் சந்தையின் 100 பெரிய நிறுவனங்களிலிருந்து உருவாகும் நிஃப்டி100 இஎஸ்ஜியை எடுத்துக்கொள்வோம். புகையிலை, மது, சூதாட்டம், சர்ச்சைக்குரிய ஆயுதங்கள் ஆகிய தொழில்களில் உள்ள நிறுவனங்களுக்கு இதில் இடமில்லை. மற்ற நிறுவனங்களுக்கு, சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை இஎஸ்ஜி மதிப்பெண்ணால் பெருக்கி எடை (குறியீட்டெண்ணில் அந்த நிறுவனத்துக்குரிய விகிதம்) தருகிறார்கள். எந்தப் பங்கும் ஓர் உச்சவரம்பைத் தாண்ட முடியாது.

பெருக்கலின் விளைவைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் மதிப்பு 1,00,000 கோடி, மதிப்பெண் 50. இன்னொன்று 20,000 கோடி, மதிப்பெண் 80. இரண்டை மட்டும் வைத்து, உச்சவரம்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் முதலாவதின் எடை 83 சதவீதத்திலிருந்து 76 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். சுமாரான மதிப்பெண் வாங்கிய பெரிய நிறுவனமே இன்னும் பெரும்பங்கு வகிக்கிறது. மதிப்பெண் எடையைச் சற்றே சாய்க்கிறது. யாரையும் வெளியேற்றுவது அதன் வேலை அல்ல; அதைச் செய்வது விலக்குப் பட்டியல்தான்.

இஎஸ்ஜி ஃபண்டுகளுக்கும் செபி கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சொத்தில் குறைந்தது 65 சதவீதம், பிஆர்எஸ்ஆர் அறிக்கை தந்து கோர் விவரங்களையும் சரிபார்த்த நிறுவனங்களில் இருக்க வேண்டும். மாதாந்திர போர்ட்ஃபோலியோ அறிக்கையில் ஒவ்வொரு பங்கின் மதிப்பெண்ணும் அதைத் தந்த முகமையின் பெயரும் இருக்கும். பணம் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் பத்துப் பங்குகளின் மதிப்பெண்களைப் பாருங்கள். அவற்றை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விளக்கம் அந்த முகமையின் இணையதளத்திலேயே கிடைக்கும்.